பெட்ரோல் பங்க்கில் தேய்த்த அட்டையும் நமது கல்லாப்பெட்டியும்



மளிகைக்காரனுக்குப் பெட்ரோல் பங்க்கில் என்ன வேலை என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பும் வத்தலும் நிறுத்துக் கொண்டிருப்பவன் நான். பெட்ரோல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும் என்பதற்கு மேல் அந்த வியாபாரத்தைப் பற்றி நான் யோசித்தது கிடையாது. ஆனால் 2022-ம் ஆண்டு கோடையில் மகன் வீட்டிற்கு அமெரிக்கா போய் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்று பார்த்த காட்சி இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு செய்திகள் இருப்பதாகப் படுவதால் இதை எழுதுகிறேன்.

மகன் குடியிருப்பது டெக்சாஸ் மாநிலத்தில். ஒரு மாலை வண்டியைப் பங்க்கில் நிறுத்தினான். நம்மூரில் என்றால் தொப்பி போட்ட பையன் ஓடி வந்து, 'சார், ஜீரோ பார்த்துக்குங்க' என்பான். அங்கே ஈ, காக்கை இல்லை. மகனே இறங்கினான். பம்பிலேயே பதித்திருந்த பெட்டியில் அட்டையைச் செருகினான். வீட்டு முகவரியின் அஞ்சல் குறியீட்டெண்ணை அது கேட்டது, அழுத்தினான். குழாயை எடுத்து அவனே டாங்கில் மாட்டினான். நிரம்பியதும் குழாய் தானே நின்றது. ரசீது வேண்டுமா என்று பெட்டி கேட்டது, வேண்டாம் என்றான். வண்டியை எடுத்துவிட்டான். பத்தடி தூரத்தில் அந்தப் பங்க்கின் கடை. உள்ளே விளக்கு எரிகிறது, காபி மெஷின் இருக்கிறது, அடுக்கடுக்காகச் சரக்கு இருக்கிறது, கல்லாவில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை, அவரும் எங்களைப் பார்க்கவில்லை. ஐம்பது டாலருக்கு மேல் வியாபாரம் முடிந்துவிட்டது.

'கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டாமாப்பா?' என்று கேட்டேன். மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த முறை அங்கே நேற்று வந்ததல்ல. 1970களில் வாடிக்கையாளரே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவியது. 1980களின் நடுவில் பம்பிலேயே அட்டையைத் தேய்க்கும் ஏற்பாடு வரத் தொடங்கி, 90களில் ஊரெங்கும் பரவிவிட்டது. 1997-ல் மோபில் நிறுவனம் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு குச்சி ஒன்றைக் கொடுத்தது. அதைப் பம்பின் முன் காட்டினாலே போதும், பணம் போய்விடும். நாம் இங்கே பற்று வரவு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. நியூஜெர்சியில் 1949 முதலே வாடிக்கையாளர் தானாகப் பெட்ரோல் போடக்கூடாது என்று சட்டம், பணியாள்தான் போடவேண்டும். ஓரிகனிலும் 1951 முதல் அப்படித்தான் இருந்தது. 2023-ல் அவர்கள் தளர்த்திவிட்டார்கள்.

சில நாள் கழித்து, மாலை நடை போகும்போது அதே பங்க்கின் கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்தவர் குஜராத்தி. நான் மதுரையில் மளிகைக் கடைக்காரன் என்று சொன்னதும் பங்காளியைக் கண்டதுபோல் ஸ்டூல் எடுத்துப் போட்டார். என் அரைகுறை இந்தியிலும் அவருடைய ஆங்கிலத்திலுமாக ஒரு மணி நேரம் பேசினோம். வியாபாரிக்கு வியாபாரி பேசுவதற்குப் பெரிய பாஷை தேவையில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. பெட்ரோலில் அவருக்கு நிற்பது கேலனுக்குச் சில சென்ட்தான். கேலன் என்பது நம் கணக்கில் மூன்றேமுக்கால் லிட்டருக்குச் சற்று மேல். உண்மையான லாபம் கடைக்குள் விற்கும் காபி, குளிர்பானம், ரொட்டி, சிகரெட்டில்தான். பெட்ரோல் என்பது வாசலில் கட்டிய தோரணம். அதைப் பார்த்து ஆள் உள்ளே வரவேண்டும். பம்பிலேயே அட்டை என்று வந்த பிறகு, தோரணத்தைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள். ரொக்கம் வைத்திருப்பவர்தான் உள்ளே வருகிறார். முதலில் பணத்தைக் கட்டினால்தான் பம்ப் திறக்கும், மீதி இருந்தால் வாங்க மறுபடியும் வருவார். வருகிறபோது ஒரு குளிர்பானமாவது எடுப்பார். 'என் கடையில் நல்ல வாடிக்கையாளர் யார் தெரியுமா? கையில் நோட்டு வைத்திருப்பவர்' என்றார் அவர்.

நன்மையையும் அவர் மறைக்கவில்லை. பெட்ரோலை நிரப்பிக்கொண்டு பணம் கொடுக்காமல் ஓடுகிறவர்கள் குறைந்தார்கள். இரவில் கல்லாவில் ரொக்கம் குவியாததால் துப்பாக்கி காட்டுபவனுக்கும் பயம் குறைந்தது. வரிசை சீக்கிரம் நகர்கிறது. சில்லறைத் தகராறு இல்லை. நம் கடையில் ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்ட நாட்களை நினைத்துக்கொண்டேன்.

அச்சாரம் பிடிக்கும் பம்ப்

மகன் வீட்டுக்குப் பக்கத்தில் நம்மூர் மாணவன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். ஒருநாள் முகம் வாடி வந்தான். வங்கிக் கணக்கில் 180 டாலர் சொச்சம் வைத்திருக்கிறான். காலையில் பற்று அட்டையைப் பம்பில் செருகி 20 டாலருக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறான். மாலையில் பாலும் அரிசியும் வாங்கப் போனால் அட்டையில் பணம் இல்லை என்று கடையில் திருப்பிவிட்டார்களாம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பார்க்க, எடுத்த சாமானை வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

என்ன நடந்தது? பம்புக்கு நீங்கள் எவ்வளவு போடப்போகிறீர்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் குழாயைத் திறக்கும் முன்பே ஒரு தொகையை உங்கள் கணக்கில் நிறுத்திவைக்கும்படி வங்கியிடம் சொல்கிறது. நம் பாஷையில் அச்சாரம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் இதற்கு 125 டாலர் வரை அனுமதித்திருந்தன. பெட்ரோல் விலை ஏறியதும் 2022-ல் அதை 175 டாலர் ஆக்கின. நீங்கள் 20 டாலருக்குப் போட்டாலும், சரியான கணக்கு வங்கிக்குப் போய்ச் சேர்ந்து அந்த நிறுத்தம் நீங்கும் வரை உங்கள் பணம் உங்களுக்கு இல்லை. சில வேளை சில மணி நேரம், சில வேளை ஓரிரு நாள். கடன் அட்டைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. கணக்கில் இருப்பதை எண்ணிச் செலவழிக்கிறவனுக்குத்தான் இடி. பிரிட்டனிலும் இதே கதை. முன்பு 1 பவுண்டுக்கு மட்டும் அட்டையைச் சோதித்து வந்தவர்கள், பின்னர் 100 பவுண்டு வரை நிறுத்திவைக்கத் தொடங்கியபோது பொதுமக்கள் கொதித்தார்கள்.

அந்த மாணவனுக்கு மகன் சொன்ன யோசனை எளிமையானது. உள்ளே கடைக்குப் போய், கல்லாவில் இருப்பவரிடம், 'மூன்றாம் நம்பர் பம்ப், 20 டாலர்' என்று சொல்லி அங்கே அட்டையைக் கொடு. 20 டாலர் மட்டுமே பிடிப்பார்கள். கல்லாவில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதன் பயன் இதுதான்.

வியாபாரி பக்கம் நின்று பார்த்தால் அச்சாரம் தப்பில்லை என்றும் சொல்லியாக வேண்டும். சரக்கு டாங்குக்குள் போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது. கல்யாண வீட்டு ஆர்டருக்கு நாமும் முன்பணம் வாங்காமலா மூட்டையை ஏற்றுகிறோம்? ஆனால் எவ்வளவு வாங்குகிறோம் என்பதை முகத்துக்கு நேரே சொல்லி வாங்குகிறோம்.

சதவீதம் என்னும் சல்லடை

குஜராத்தி நண்பர் மிகவும் நொந்துகொண்டது வேறு விஷயத்தில். அட்டையை ஏற்றுக்கொள்வதற்காக வியாபாரி வங்கிக்குத் தரும் கமிஷன். கடன் அட்டைக்கு அங்கே சுமார் இரண்டு சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கேலன் 2 டாலர் விற்றபோது கமிஷன் 4 சென்ட். 2022 ஜூனில் அமெரிக்காவின் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியதே, அப்போது 10 சென்ட். விலை ஏறியதால் அவருடைய லாபம் ஏறவில்லை, போட்டியால் அதே சில சென்ட்தான். வங்கியின் பங்கு மட்டும் இரண்டரை மடங்கு. விலையேற்றத்தில் வியாபாரி கொள்ளையடிக்கிறார் என்று வாடிக்கையாளர் திட்டுகிறார். கொள்ளை எங்கே போனது என்று அவருக்கு யார் சொல்வது?

இதைக் கேட்டவுடன் எனக்கு 2015 அக்டோபர் நினைவுக்கு வந்தது. துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்ட மாதம் அது. எண்பது ரூபாய் விற்றபோது கிலோவுக்கு ஐந்து ரூபாய் நின்றது என்றால், இருநூறு விற்றபோதும் அதே ஐந்துதான் நின்றது. பல நாள் அதுவும் இல்லை. முதல் மட்டும் இரண்டரை மடங்கு போட்டோம். அந்த நேரத்தில் எல்லோரும் இரண்டு சதக் கமிஷன் உள்ள அட்டையை நீட்டியிருந்தால்? எண்பது ரூபாய்ப் பருப்பில் கமிஷன் ஒரு ரூபாய் அறுபது காசு. இருநூறு ரூபாய்ப் பருப்பில் நாலு ரூபாய். ஐந்தில் நாலு போனால் மீதி ஒரு ரூபாயில் கடை வாடகை, கரண்டு, ஆள் சம்பளம், எலி தின்றது எல்லாம். சதவீதக் கணக்கு என்பது விலையைப் பார்க்கும், லாபத்தைப் பார்க்காது. நகைக்கடைக்காரரும் ஜவுளிக்காரரும் தாங்குவதை மளிகைக்காரரும் பெட்ரோல்காரரும் தாங்க முடியாது.

நம் சுமைதூக்கும் தொழிலாளியைப் பாருங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார். உள்ளே இருப்பது சீரகமா கல்லுப்பா என்று பிரித்துப் பார்த்துக் கேட்பதில்லை. பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தூக்கிப்போடுவதும் சுமை வேலைதான். நூறு ரூபாயைத் தூக்கவும் பத்தாயிரம் ரூபாயைத் தூக்கவும் கம்ப்யூட்டருக்கு ஒரே மூச்சுதான் ஆகிறது. பின் ஏன் சதவீதம்?

இது என் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்க வணிகர்கள் பல ஆண்டுகள் போராடி 2010-ல் சட்டத்திருத்தம் ஒன்றைக் கொண்டுவரச் செய்தார்கள். அதன்படி 2011 அக்டோபர் முதல், பெரிய வங்கிகளின் பற்று அட்டைக்கு, அட்டை கொடுத்த வங்கி பெறும் கட்டணம் ஒரு தடவைக்கு 21 சென்ட், அத்துடன் தொகையில் 0.05 சதம் என்ற அளவில் கட்டுப்படுத்தப்பட்டது. ஏறக்குறைய மூட்டைக்கூலிதான். கடன் அட்டையை அந்தச் சட்டம் தொடவில்லை. குஜராத்தி நண்பரின் புலம்பல் அதனால்தான் ஓயவில்லை.

அதற்கும் முன்பே ஒரு பெட்ரோல் நிறுவனம் துணிச்சலாக ஒரு காரியம் செய்திருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆர்கோ என்ற நிறுவனம் 1982-ல் கடன் அட்டையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, மிச்சமான செலவை விலையில் குறைத்துக் கொடுத்தது. வண்டிகள் அங்கே திரும்பின. இன்னும் பல பங்க்குகளில் ரொக்க விலை ஒன்று, கடன் அட்டை விலை ஒன்று என்று இரண்டு விலையைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருப்பதை நானே பார்த்தேன். வாடிக்கையாளருக்குச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. வேண்டுமென்றால் கொடுக்கட்டும், வேண்டாமென்றால் நோட்டை எடுக்கட்டும்.

இன்னொரு சங்கதி. பம்பில் தேய்க்கும் பெட்டிக்குள் திருடர்கள் சின்னக் கருவியை ஒளித்துவைத்து அட்டை விவரங்களை உருவும் வேலை அங்கே ஏராளம். பல பம்புகளின் கதவுகளுக்கு ஒரே மாதிரிச் சாவி இருந்ததும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. இதைத் தடுக்கச் சில்லு பதித்த அட்டை வந்தது. கடைகள் 2015 அக்டோபருக்குள் புதிய மெஷினுக்கு மாறவேண்டும், மாறாத கடையில் கள்ள அட்டையால் நஷ்டம் வந்தால் அது வங்கிக்கல்ல, கடைக்காரருக்கே என்று அட்டை நிறுவனங்கள் விதித்தன. பம்புகளுக்கு முதலில் 2017 அக்டோபர் என்றார்கள். பம்பைத் திறந்து மாற்றுவது பெரும் செலவு என்று முறையிட்டதால் 2020-க்குத் தள்ளி, கடைசியில் 2021 ஏப்ரலில் அமலாக்கினார்கள். கவனியுங்கள்: திருடியவன் ஒருவன், அட்டை கொடுத்தது வங்கி, நஷ்டம் மட்டும் பம்ப் வைத்திருப்பவர் தலையில். மெஷின் மாற்றும் செலவும் அவருடையதே.

நம் நாட்டில் 2017 ஜனவரி

நம் நாட்டுப் பங்க்குகளில் பையன்கள்தான் பெட்ரோல் போடுகிறார்கள். அந்த வேலை போகக்கூடாது என்பது என் கட்சி. அட்டை மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வண்டி அருகிலேயே பணம் வாங்கிவிடுகிறார்கள். ஆகவே பம்பருகே அட்டை என்பது நம்மிடமும் உண்டு, ஒரு மனிதர் கூட நிற்கிறார் என்பதுதான் வேற்றுமை.

2016 நவம்பர் 8 இரவு நடந்ததை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதத்தில், டிசம்பர் 8 அன்று, பங்க்கில் அட்டை முதலிய மின்னணு வழியில் பணம் கட்டினால் 0.75 சதம் தள்ளுபடி என்று மத்திய அரசு அறிவித்தது. மக்கள் அட்டையோடு வரிசையில் நின்றார்கள். பழக்கம் ஊறியபின், 2017 ஜனவரி 7-ம் தேதி இரவு, 9-ம் தேதி முதல் அட்டை வியாபாரத்துக்கு ஒரு சதம் வரை கமிஷன் பிடிப்போம் என்று சில தனியார் வங்கிகள் பங்க்காரர்களுக்குத் தகவல் அனுப்பின. முன்னறிவிப்பு ஒன்றரை நாள், அதிலும் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை!

பங்க்காரர்களுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று எண்ணெய் நிறுவனம் நிர்ணயித்த கமிஷன்தான் வருமானம். விலையை ஒரு பைசா கூட்டிப் போட அவர்களுக்கு அதிகாரமில்லை. ஒரு சதம் போனால் அது நேராக அவர்கள் சட்டைப் பையிலிருந்து போகிறது. அகில இந்திய பெட்ரோலிய விற்பனையாளர் சங்கம் மறுநாளே, 9-ம் தேதி முதல் அட்டை வாங்கமாட்டோம் என்று அறிவித்தது. அன்று இரவுக்குள் 13-ம் தேதி வரை தள்ளிவைப்பு என்று செய்தி வந்தது. பிறகு, இந்தக் கமிஷனை வாடிக்கையாளரும் சுமக்கவேண்டாம், விற்பனையாளரும் சுமக்கவேண்டாம், வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் பேசிக்கொள்ளட்டும் என்று பெட்ரோலிய அமைச்சரே சொன்னார். ஓரிரு நாளுக்குள் நடந்த காரியம் இது.

அந்தத் தள்ளுபடி என்ன ஆயிற்று என்றும் கேட்கவேண்டும். கடன் அட்டைக்கான தள்ளுபடி 2019 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. பழக்கம் மட்டும் நின்றது.

அதே காலத்தில் மளிகைக்காரர்களாகிய நமக்கு என்ன நடந்தது? 2012 முதல் பற்று அட்டைக்கு 2000 ரூபாய் வரை முக்கால் சதம், அதற்கு மேல் ஒரு சதம் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருந்தது. பணமதிப்பு நீக்கத்தின்போது தற்காலிகமாகக் குறைத்தார்கள். 2018 ஜனவரி 1 முதல் புதுக்கணக்கு: ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை இருந்தால் சிறு வணிகர், அட்டை மெஷினுக்கு 0.40 சதம். அதற்கு மேல் இருந்தால் 0.90 சதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருபது லட்சத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்கூட வராது. அரிசி, எண்ணெய், பருப்பு விற்கும் எந்தத் தெருமுனைக் கடை அதற்குள் நிற்கும்? நாளைக்கு ஆறாயிரம் விற்று அறநூறு ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோகாத அண்ணாச்சி அந்தக் கணக்கில் பெரிய வணிகர். நூறுக்கு அறுபது லாபம் வைத்து 19 லட்சம் விற்பவர் சிறு வணிகர். விற்பனையை வைத்து ஆளை அளந்தால் இப்படித்தான் வரும்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பரில் ஒரு வங்கிக்காரர் கடைக்கு வந்து, தேசத்துக்காக என்று சொல்லி ஒரு மெஷினை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வங்கியின் பெயர் வேண்டாம், மேலாளர் நல்ல மனிதர். மெஷின் இலவசம் என்றுதான் என் காதில் விழுந்தது. மாத வாடகை என்று சிறிய எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. அட்டையே தேய்க்காத மாதத்திலும் கணக்கிலிருந்து வாடகை போய்க்கொண்டிருந்ததை ஏழு மாதம் கழித்து என் மருமகள்தான் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை தேய்த்த பணம் செவ்வாய்க்கிழமை வந்த கதைகளும் உண்டு. திங்கட்கிழமை காலை விருதுநகர் லாரிக்காரர், 'அண்ணாச்சி, வத்தல் பணம்' என்று வந்து நின்றால், மெஷின் சீட்டையா கிழித்துக் கொடுப்பது?

சின்னச் சதுரமும் பேசும் பெட்டியும்

இப்போது மெஷினைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது யு.பி.ஐ. பூக்காரம்மா கூடையிலும் அந்தக் கட்டம் போட்ட சதுரம் தொங்குகிறது. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே பற்று அட்டைக்கும் வணிகரிடம் கமிஷன் வாங்கக்கூடாது என்று சட்டமே ஆனது. இதை மனதாரப் பாராட்டுகிறேன். உலகில் இவ்வளவு பெரிய நாட்டில் இப்படி ஒரு வசதி சிறு கடைக்காரருக்கு இலவசமாகக் கிடைத்ததை அந்தக் குஜராத்தி நண்பரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. என் செல்போனை வாங்கிப் பார்த்தார்.

ஆனால் இலவசம் என்றால் யாரோ கட்டுகிறார்கள் என்று பொருள். 2024-25-ம் ஆண்டுக்கு, சிறு வணிகரிடம் நடக்கும் 2000 ரூபாய் வரையிலான யு.பி.ஐ. வியாபாரத்துக்காக வங்கிகளுக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்க மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் தந்தது. இது போதாது, பெரிய வணிகர்களிடம் 0.3 சதம் வாங்க அனுமதியுங்கள் என்று பணப்பட்டுவாடா நிறுவனங்களின் அமைப்பு 2025-ல் கோரிக்கை வைத்தது. ஜூன் மாதத்தில் கட்டணம் வரப்போகிறது என்று வதந்தி பரவியபோது நிதியமைச்சகம் மறுத்தது. மறுத்ததை வரவேற்கிறோம். ஆனாலும் பெரிய வணிகர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த 20 லட்சம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கதவு ஏற்கெனவே ஓரளவு திறந்தும் இருக்கிறது. 2022 முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யில் இணைத்துக்கொள்ளலாம். 2000 ரூபாய் வரை சிறு வணிகருக்குக் கட்டணமில்லை, அதற்கு மேல் உண்டு. மாதச் சாமான் 3000 ரூபாய்க்கு வாங்குபவர் அதே சதுரத்தைத்தான் படம் பிடிக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து வருகிறதா, கடன் அட்டையிலிருந்து வருகிறதா என்று பேசும் பெட்டி சொல்வதில்லை. கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். 2023 ஏப்ரல் முதல் மின்பணப்பை வழியாக வரும் 2000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கும் கட்டணம் உண்டு. அந்தப் பட்டியலில் பெட்ரோலுக்கு 0.5 சதம், சூப்பர் மார்க்கெட்டுக்கு 0.9 சதம். பெட்ரோலில் லாபம் மெலிது என்பதை மேஜையைத் தட்டிச் சொல்ல ஆள் இருந்தது, மளிகையில் அதைவிட மெலிது என்பதைச் சொல்ல ஆள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேசும் பெட்டிக்கு மாத வாடகை வாங்குகிறார்கள். பணம் வந்ததுபோல் போலிப் படத்தைக் காட்டி ஏமாற்றுபவர்கள் இருப்பதால் பெட்டி இல்லாமலும் முடியாது. சதுரத்தின் மேல் வேறு சதுரத்தை இரவோடு இரவாக ஒட்டிவிட்டுப் போன செய்திகளும் வட மாநிலங்களிலிருந்து வந்தன. காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்குப் பூ வைக்கும் கையோடு, ஒரு ரூபாய் அனுப்பி உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நான் அட்டைக்கோ செல்போனுக்கோ விரோதி அல்லன். என் கடை வசூலில் பாதிக்கு மேல் செல்போனில்தான் வருகிறது. நான் கேட்பது, அந்தப் பணத்தைத் தூக்கிவரும் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள், அந்த அறையில் நம் நாற்காலி இருக்கிறதா என்பதை மட்டுமே. பங்க்காரர்கள் தங்கள் நாற்காலியை 2017-ல் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் நமது சங்கத்தின் முன் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறேன். யு.பி.ஐ.க்கு எக்காலத்திலாவது கட்டணம் வருமானால் அது சதவீதமாக இல்லாமல், தடவைக்கு இவ்வளவு பைசா என்று மூட்டைக்கூலி முறையில் இருக்கவேண்டும். பெரிய வணிகர், சிறு வணிகர் என்று பிரித்தால் உணவுப்பொருள் விற்பவர்களைத் தனி வகையாக வைக்கவேண்டும். கட்டண மாற்றத்துக்குக் குறைந்தது 60 நாள் முன்னறிவிப்பு தமிழில் எழுத்து மூலம் தரவேண்டும். கடன் அட்டை வழியாக வரும் தொகை எது என்பதைப் பணம் வரும்போதே வணிகருக்குக் காட்டவேண்டும்.

இந்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்குப் பட்டியலைக் கையோடு கொண்டுவாருங்கள். வாடகை, கமிஷன், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று பிடித்த வரிகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வந்தால் போதும், கூட்டிப்போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு மாறான கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம். கடன் அட்டை வந்ததால் எனக்கு வியாபாரம் பெருகியது என்று யாராவது கணக்கோடு எழுதினால் முதலில் படிப்பவன் நானாக இருப்பேன்.